சீனா சொல்லும் ஜனநாயகமும் மேற்கு சொல்லும் ஜனநாயகமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீனாவைப் பற்றி ஒரு செய்தி வந்தால் போதும், "அங்கே ஏது ஜனநாயகம்?" என்று ஒரு பக்கமும், "80 கோடிப் பேரை வறுமையிலிருந்து தூக்கிவிட்டவர்களைக் கேள்வி கேட்க இவர்கள் யார்?" என்று மறுபக்கமும் சண்டை தொடங்கிவிடும். இரண்டு பேச்சிலும் சரக்கு இருக்கிறது, ஓட்டையும் இருக்கிறது. அந்தச் சண்டைகளில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை எடுத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன்.

சீனா தன்னை ஜனநாயக நாடு என்றா சொல்லிக்கொள்கிறது?

ஆமாம், துளிக்கூடத் தயக்கமில்லாமல். 1982ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டத்தின் முதல் பிரிவே சீனாவை "மக்கள் ஜனநாயக சர்வாதிகாரம்" கொண்ட சோஷலிச அரசு என்கிறது. நம் காதுக்கு முரணாக ஒலித்தாலும், மக்களுக்கு ஜனநாயகம், மக்களின் எதிரிகளுக்கு சர்வாதிகாரம் என்பது மாவோ காலத்து விளக்கம். யார் மக்கள், யார் எதிரி என்பதை ஆளும் கம்யூனிஸ்ட் கட்சி முடிவு செய்யும்.

2012இல் கட்சி அறிவித்த 12 சோஷலிச விழுமியங்களில் ஜனநாயகம் இரண்டாவதாக வருகிறது. சீன நகரங்களில் தெருவுக்குத் தெரு அந்தப் பட்டியல் எழுதப்பட்டிருக்கும். 2021 டிசம்பரில் அமெரிக்க அதிபர் பைடன் ஜனநாயக நாடுகளின் மாநாட்டைக் கூட்டினார். சீனாவுக்கு அழைப்பில்லை, சீனா தன் பகுதி என்று சொல்லும் தைவானுக்கு இருந்தது. மாநாட்டுக்குச் சில நாட்கள் முன்பு, டிசம்பர் 4 அன்று, தன் நாட்டில் இருப்பதுதான் பயன் தரும் ஜனநாயகம் என்று பெய்ஜிங் ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டது.

அந்த அறிக்கையின் மையச் சொல் "முழுச் செயல்முறை மக்கள் ஜனநாயகம்". 2019இல் ஷாங்காயில் ஒரு குடியிருப்புப் பகுதிக்குப் போனபோது ஷி ஜின்பிங் அதைப் பயன்படுத்தினார். ஓட்டுப் போடும் நாளில் மட்டும் மக்களை எழுப்பிவிட்டு மற்ற நாட்களில் தூங்க வைத்தால் அது ஜனநாயகமா என்பது அவருடைய வாதம். நம் ஊர்த் தேர்தல்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் குத்தல் கொஞ்சம் உறைக்கத்தான் செய்யும்.

அங்கே தேர்தல் நடக்கிறதா?

நடக்கிறது. மக்கள் காங்கிரஸ் என்ற அவைகள் ஐந்து அடுக்குகளில் இருக்கின்றன. கீழே உள்ள இரண்டு அடுக்குகளுக்கு, அதாவது சிற்றூர், மாவட்ட அளவில், மக்கள் நேரடியாக வாக்களிக்கிறார்கள். அதற்கு மேலே ஒவ்வோர் அவையும் அடுத்த அவையைத் தேர்ந்தெடுக்கும். உச்சியில் சுமார் 3000 பேர் கொண்ட தேசிய மக்கள் காங்கிரஸ். அது ஆண்டுக்கு ஒரு முறை மார்ச் மாதத்தில் ஒன்றிரண்டு வாரம் கூடும். கம்யூனிஸ்ட் கட்சியைத் தவிர எட்டுச் சிறு கட்சிகளும் சட்டப்படி உண்டு. ஆனால் அவை கம்யூனிஸ்ட் தலைமையை ஏற்றுக்கொண்ட கட்சிகள். எதிர்க்கட்சி வரிசை என்று ஒன்று கிடையாது.

பத்து வாக்காளர்கள் சேர்ந்தால் ஒருவரை வேட்பாளராக முன்மொழியலாம் என்று சட்டம் சொல்கிறது. காகிதத்தில் அழகான ஏற்பாடு. ஆனால் முன்மொழிவுக்கும் இறுதிப் பட்டியலுக்கும் நடுவே "கலந்தாலோசனை" என்று ஒரு கட்டம் இருக்கிறது. சுயேச்சைகள் பெரும்பாலும் காணாமல் போவது அங்கேதான்.

தேசிய மக்கள் காங்கிரஸின் முழுக்கூட்டம் தன் முன் வைக்கப்பட்ட எந்த மசோதாவையும் இதுவரை தோற்கடித்ததில்லை. பெரிய முரண்டு ஒன்று 1992இல் நடந்தது. யாங்சி ஆற்றில் மூன்று பள்ளத்தாக்கு அணை கட்டும் தீர்மானத்துக்கு 1767 பேர் ஆதரவு. 177 பேர் எதிர்த்தார்கள், 664 பேர் வாக்களிக்காமல் ஒதுங்கினார்கள். அந்த அவைக்கு அது பூகம்பம். 2018இல் அதிபரின் பதவிக்கால வரம்பை நீக்கும் திருத்தம் வந்தபோது ஆதரவு 2958, எதிர்ப்பு 2, ஒதுங்கியவர்கள் 3.

கிராமக் குழுத் தேர்தல்களில் கொஞ்சம் உயிர் இருந்தது. குவாங்டோங் மாகாணத்தின் வுக்கான் கிராமத்தில் 2011இல் நிலப் பறிப்பை எதிர்த்து மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அடுத்த ஆண்டு வெளிப்படையான தேர்தல் நடந்தது, போராட்டத்தின் முகமாக இருந்த லின் சூலுவான் தலைவரானார். உலகப் பத்திரிகைகள் எல்லாம் "இதோ சீன ஜனநாயகத்தின் முளை" என்று எழுதின. 2016இல் அவர் லஞ்ச வழக்கில் சிறைக்குப் போனார். ஊர்க்காரர்கள் அந்த வழக்கை நம்பவில்லை.

மேற்கின் வரையறை என்ன?

ஒன்றுக்கு மேற்பட்ட கட்சிகள், ஆட்சியைத் திட்டக்கூடிய பத்திரிகை, அரசுக்கு எதிராகத் தீர்ப்பு எழுதக்கூடிய நீதிமன்றம், தோற்றவர் வீட்டுக்குப் போவது. கடைசி அம்சம்தான் எல்லாவற்றுக்கும் உரைகல்.

ஆனால் "மேற்கு" என்று ஒரே பெட்டிக்குள் போட முடியாது. மரண தண்டனையை ஐரோப்பிய ஒன்றியம் மனித உரிமை மீறலாகப் பார்க்கிறது. அமெரிக்காவில் அது இன்னும் இருக்கிறது. மருத்துவமும் வீடும் உரிமை என்று சொன்னால் ஐரோப்பாவில் பலர் தலையாட்டுவார்கள், அமெரிக்க அரசியலில் அது பெரிய சண்டை. இவர்களும் ஒரே நாளில் இங்கே வந்து சேரவில்லை. தென் மாநிலங்களின் கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை நடைமுறையில் கிடைக்க 1965ஆம் ஆண்டுச் சட்டம் தேவைப்பட்டது. சுவிட்சர்லாந்தில் பெண்கள் தேசிய அளவில் வாக்குரிமை பெற்றது 1971இல்.

மனித உரிமை என்பதே மேற்கத்தியச் சரக்குதானே?

பாதி உண்மை. உலக மனித உரிமைப் பிரகடனம் 1948 டிசம்பர் 10 அன்று பாரிஸில் நிறைவேறியபோது ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியும் ஆசியாவின் பல நாடுகளும் காலனிகளாக இருந்தன. அவர்களுக்கு அந்த அவையில் இடமே இல்லை. இந்தக் குறையைச் சீனா சுட்டிக்காட்டினால் மறுக்க முடியாது.

மறுபாதியையும் பார்க்க வேண்டும். வரைவுக் குழுவுக்குத் தலைவர் எலினார் ரூஸ்வெல்ட். துணைத் தலைவர் பெங் சுன் சாங் என்ற சீனர். ஒரே ஒரு மதத்தையோ தத்துவத்தையோ அடித்தளமாக வைக்கக் கூடாது என்று வாதாடி, கன்பூசியச் சிந்தனையை விவாதத்துக்குள் கொண்டுவந்தவர் அவர். லெபனானின் சார்லஸ் மாலிக் அவரோடு விடாமல் மோதினார். முதல் பிரிவில் "எல்லா ஆண்களும்" என்று படிக்கக்கூடிய சொற்களை மாற்றி "எல்லா மனிதர்களும்" என்று ஆக்க வைத்தவர் இந்தியாவின் ஹன்சா மேத்தா. வாக்கெடுப்பில் 48 நாடுகள் ஆதரவு, எதிர்ப்பு யாருமில்லை, 8 நாடுகள் ஒதுங்கின. ஒதுங்கியவற்றில் சோவியத் அணியும், இனவெறிச் சட்டங்களைக் கையில் வைத்திருந்த தென்னாப்பிரிக்காவும், சவூதி அரேபியாவும் உண்டு. சீனா ஆதரித்தது. அன்றைக்குச் சீனா என்றால் கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வருவதற்கு முந்தைய, சியாங் கை ஷெக்கின் குடியரசு என்பது வேறு விஷயம்.

இன்னொன்று: ஒரே கட்சியின் தலைமை, ஜனநாயக மத்தியத்துவம் (கட்சிக்குள் விவாதிக்கலாம், முடிவெடுத்த பின் எல்லோரும் கட்டுப்பட வேண்டும்), வர்க்க நோக்கில் உரிமை, இதெல்லாம் எங்கிருந்து வந்தது? மார்க்ஸும் லெனினும் சீனாவின் ஷாண்டோங்கில் பிறந்தவர்கள் இல்லையே. இரண்டு தரப்பு சரக்கும் ஐரோப்பியக் கப்பலில் வந்ததுதான்.

சீனப் பண்பாட்டுக்கு ஜனநாயகம் ஒத்துவராது என்கிறார்களே?

இதைச் சொல்பவர்களில் சீன ஆட்சியாளர்களும் உண்டு, சீனாவை வேடிக்கை பார்க்கும் வெள்ளைக்காரர்களும் உண்டு. வரலாறு அவ்வளவு ஒத்துழைப்பதில்லை.

கி.மு. நான்காம் நூற்றாண்டுச் சிந்தனையாளர் மென்சியஸ், மக்களே முதன்மை, அரசன் கடைசி என்றார். கொடுங்கோலனை வீழ்த்துவது அரசனைக் கொன்ற பாவமாகாது என்றும் சொன்னார். ஆனால் மக்கள் அரசனைத் தேர்ந்தெடுக்க ஒரு வழியை அவர் சொல்லவில்லை. மக்களுக்காக ஆள்வது சீன மரபில் ஆழமாக உண்டு, மக்களால் ஆள்வது இல்லை. கட்சி இன்றைக்கும் நிற்பது இந்த இடத்தில்தான்.

அதோடு கதை முடியவில்லை. 1919 மே நான்காம் நாள் இயக்கத்தின் காலத்தில் சென் டூஷியு "திருவாளர் ஜனநாயகம்", "திருவாளர் அறிவியல்" என்று இருவரை வரவேற்கச் சொன்னார். இரண்டே ஆண்டில் அவர் சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் முதல் தலைவர்! 1978 டிசம்பரில் பெய்ஜிங்கின் ஷிடான் பகுதியில் ஒரு சுவரில், தலைவர் டெங் ஷியாவ்பிங்கின் நான்கு நவீனமயமாக்கல்களோடு (விவசாயம், தொழில், பாதுகாப்பு, அறிவியல்) ஐந்தாவதாக ஜனநாயகமும் வேண்டும் என்று வெய் ஜிங்ஷெங் என்ற மின்பணியாளர் எழுதி ஒட்டினார். அவருக்குக் கிடைத்தது 15 ஆண்டு தண்டனை. 1989இல் தியானன்மென் சதுக்கம், ஜனநாயகம் கேட்ட மாணவர்கள், ஜூன் 3, 4 தேதிகளில் ராணுவம், துப்பாக்கிச் சூடு. 2008இல் அரசியல் சீர்திருத்தம் கேட்ட "சாசனம் 08" என்ற அறிக்கையில் முதலில் 303 பேர் கையெழுத்திட்டார்கள். அதை முன்னெடுத்தவர்களில் ஒருவரான லியு ஷியாவ்போவுக்கு 11 ஆண்டு சிறை. 2010இல் அமைதிக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது, மேடையில் அவருடைய நாற்காலி காலியாக இருந்தது. 2017இல் காவலில் இருந்தபடியே இறந்தார்.

தைவானில் 38 ஆண்டு ராணுவச் சட்டம் 1987இல் முடிவுக்கு வந்தது. 1996இல் மக்கள் நேரடியாக அதிபரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2000இல் ஆளுங்கட்சி தோற்றது, அமைதியாக இறங்கியது. அதே மொழி, அதே கன்பூசியஸ். பண்பாடுதான் தடை என்றால் இது எப்படி நடந்தது?

என் கருத்தைக் கேட்டால், இதைச் சீனா எதிர் மேற்கு என்று பார்ப்பதே பிழை. சீனர்களுக்குள்ளேயே நூறு ஆண்டுகளாக நடக்கும் வாதம் இது. ஒரு தரப்பு ஆட்சியில் இருக்கிறது, மறு தரப்பு சிறையிலோ வெளிநாட்டிலோ இருக்கிறது.

"சோறு முதலில், ஓட்டு அப்புறம்" என்பது நியாயம்தானே?

1991இல் சீனா வெளியிட்ட முதல் மனித உரிமை வெள்ளை அறிக்கை சொன்னது இதுதான்: வாழ்வதற்கான உரிமையே முதல் உரிமை. தியானன்மென்னுக்குப் பிறகு உலகம் காறித் துப்பிக்கொண்டிருந்த நேரத்தில் வந்த பதில் அது. வசதிக்காகச் சொன்னது என்று தள்ளிவிட முடியாது. 1978க்குப் பிறகு நாற்பது ஆண்டுகளில் கிட்டத்தட்ட 80 கோடிப் பேர் கடும் வறுமையிலிருந்து வெளியே வந்ததாக உலக வங்கியே கணக்கிடுகிறது. மனித வரலாற்றில் இதற்கு இணை இல்லை. பசித்தவனிடம் பேச்சுரிமை பற்றிப் பேசுவதில் ஒரு கூச்சம் இருக்கத்தான் வேண்டும்.

ஆனால் அதே கட்சியின் ஆட்சியில்தான் 1959 முதல் 1961 வரை பெரும்பஞ்சம் வந்தது. இறந்தவர்கள் ஒன்றரைக் கோடியிலிருந்து நாலரைக் கோடி வரை என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். விளைச்சலைப் பல மடங்கு கூட்டிச் சொன்ன பொய்க் கணக்கை மேலே இருந்தவர்கள் நம்பி, தானியத்தைக் கொள்முதல் செய்துகொண்டே இருந்தார்கள். "இங்கே சாகிறார்கள்" என்று எழுதப் பத்திரிகை இல்லை, கேட்க எதிர்க்கட்சி இல்லை. சுதந்திரமான பத்திரிகையும் தேர்தலும் உள்ள நாட்டில் பெரும்பஞ்சம் வந்ததில்லை என்று அமர்த்தியா சென் சொன்னது இதை வைத்துத்தான். அதே சென், அன்றாடப் பசியிலும் பள்ளியிலும் மருத்துவத்திலும் இந்தியா சீனாவிடம் தோற்றதை விடாமல் சுட்டிக்காட்டியவர். இந்தியர்கள் முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவார்கள், சீன ஆதரவாளர்கள் இரண்டாம் பாதியை மட்டும். முழுசாகப் படித்தால் சோற்றையும் ஓட்டையும் வரிசையில் நிறுத்துவதே அர்த்தமில்லாமல் போய்விடும். சோறு இல்லை என்று சொல்லவும் ஒரு வாய் வேண்டும் அல்லவா?

சீனச் சட்டத்தில் பேச்சுரிமை இருக்கிறதா?

இருக்கிறது. பேச்சு, அச்சு, கூட்டம், சங்கம், ஊர்வலம், ஆர்ப்பாட்டம் எல்லாம் 35ஆம் பிரிவில் உண்டு. "அரசு மனித உரிமைகளை மதித்துப் பாதுகாக்கிறது" என்ற வரி 2004இல் சேர்ந்தது. இந்த உரிமைகளை அரசின் நலனுக்குக் கேடாகப் பயன்படுத்தக் கூடாது என்கிறது 51ஆம் பிரிவு. சரி, எல்லா நாட்டிலும் ஏதாவது ஒரு கட்டுப்பாடு இருக்கும். வேறுபாடு வேறு இடத்தில்: ஒரு சட்டம் அரசமைப்புக்கு முரணானது என்று சொல்லும் அதிகாரம் சீன நீதிமன்றங்களுக்குக் கிடையாது. அதைச் சொல்ல வேண்டியது தேசிய மக்கள் காங்கிரஸின் நிலைக்குழு.

இது நடைமுறையில் எப்படி என்பதற்கு ஒரு வழக்கு. 2003 மார்ச். குவாங்ஜோ நகரில் வேலை பார்த்த 27 வயது வடிவமைப்பாளர் சுன் ஜிகாங்கைத் தற்காலிகக் குடியிருப்பு அட்டை கையில் இல்லை என்று போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. வெளியூர் ஏழைகளைப் பிடித்து அடைத்துவைத்து ஊருக்குத் திருப்பி அனுப்பும் ஒரு முறை அப்போது இருந்தது. மூன்று நாளில் அவர் காவலில் அடிபட்டு இறந்தார். உள்ளூர் நாளிதழ் ஒன்று அதை வெளிக்கொண்டுவந்தது, நாடே கொந்தளித்தது. மூன்று இளம் சட்ட அறிஞர்கள், இந்த விதிமுறை அரசமைப்புக்கு முரணானதா என்று ஆராயும்படி நிலைக்குழுவுக்கு மனு போட்டார்கள். ஜூன் மாதத்தில் அரசே அந்த விதிமுறையை ரத்து செய்தது.

வெற்றிதான், சந்தேகமில்லை. மக்கள் குரலைக் கேட்டு அரசு மாறியது, "முழுச் செயல்முறை" என்று பெய்ஜிங் சொல்வதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. ஆனால் கவனியுங்கள், அரசு தானாக ரத்து செய்ததால் நிலைக்குழு எந்தத் தீர்ப்பும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அரசைத் தவறு என்று சொல்ல ஓர் அமைப்புக்கு அதிகாரம் உண்டா என்ற கேள்வி அப்படியே நழுவிப் போனது. மனு போட்ட மூவரில் ஒருவரான சூ ஜியோங் 2014இல் நான்கு ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். 2023இல் அரசைக் கவிழ்க்க முயன்றதாக 14 ஆண்டு.

என்னைப் பொறுத்தவரை மொத்தச் சர்ச்சையும் இந்த ஒரு வழக்கில் அடங்கிவிடுகிறது. உரிமைகளின் பட்டியலில் பெய்ஜிங்குக்கும் ஐ.நா. மனித உரிமைப் பேரவை இருக்கும் ஜெனீவாவுக்கும் அவ்வளவு தூரம் இல்லை. உரிமை மீறப்பட்டது என்று யார் தீர்ப்புச் சொல்வது, அந்தத் தீர்ப்புக்கு அரசு கட்டுப்படுமா என்பதில்தான் தூரம்.

சர்வதேச உடன்படிக்கைகளில் சீனா கையெழுத்திட்டிருக்கிறதா?

1966இல் ஐ.நா. இரண்டு உடன்படிக்கைகளைக் கொண்டுவந்தது. ஒன்று குடிமை, அரசியல் உரிமைகளுக்கு. மற்றது பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கு. இரண்டாவதைச் சீனா 2001இல் உறுதிப்படுத்தியது. முதலாவதில் 1998இல் கையெழுத்திட்டது, இன்றுவரை உறுதிப்படுத்தவில்லை. அமெரிக்கா அப்படியே தலைகீழ்: முதலாவதை 1992இல் உறுதிப்படுத்தியது, இரண்டாவதில் 1977இல் கையெழுத்திட்டதோடு சரி. இரண்டு வல்லரசுகளும் தங்களுக்குப் பிடித்த பாதியை வைத்துக்கொண்டு, மற்றவர் கையில் இல்லாத பாதியைக் காட்டித் திட்டிக்கொள்கின்றன.

சீன மக்களே திருப்தியாக இருக்கிறார்களாமே?

ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003 முதல் 2016 வரை நடத்திய கருத்தாய்வில், மத்திய அரசின் மீது திருப்தி 86 சதவீதத்திலிருந்து 93 சதவீதமாக உயர்ந்தது. உள்ளூர் அரசுகளுக்கு மதிப்பெண் நன்றாகவே குறைவு. "பேரரசர் நல்லவர், அதிகாரிதான் கெட்டவன்" என்ற பழைய மனநிலை அது. 2022இல் வேறொரு ஆய்வில், தங்கள் நாடு ஜனநாயக நாடுதான் என்று சீனர்களில் 83 சதவீதம் பேரும் அமெரிக்கர்களில் 49 சதவீதம் பேரும் சொன்னார்கள்.

பயத்தில் சொல்கிறார்கள் என்று ஒரே வரியில் தள்ளுவது சோம்பேறித்தனம். வாழ்க்கை கண்ணெதிரே மாறியதைப் பார்த்த தலைமுறை அது. அதே சமயம், யார் என்ன பதில் சொன்னார் என்று தெரியாதபடி மறைமுகமாகக் கேட்டுப் பார்த்த ஆய்வுகளில் ஆதரவு கணிசமாக இறங்குகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2022 நவம்பரில் உரும்ச்சி நகரில் ஒரு அடுக்குமாடித் தீ விபத்தில் பத்துப் பேர் இறந்த பிறகு, பல நகரங்களில் கோவிட் கட்டுப்பாடுகளை எதிர்த்து இளைஞர்கள் எதுவும் எழுதாத வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றார்கள். அந்தக் கட்டுப்பாடுகள் சில நாட்களில் தளர்ந்தன. அந்த இளைஞர்களில் சிலர் கைதானார்கள். கருத்தாய்வில் இவர்கள் எந்தச் சதவீதத்தில் இருந்தார்களோ!

குவாண்டனாமோ வைத்திருக்கும் அமெரிக்காவுக்குப் பேச என்ன தகுதி?

குறைவுதான். விசாரணை இல்லாமல் ஆண்டுக்கணக்கில் ஆட்களை அடைத்த சிறை அது, 2002இலிருந்து இருக்கிறது. சீனா ஆண்டுதோறும் அமெரிக்காவின் மனித உரிமை நிலை பற்றித் தானும் ஓர் அறிக்கை வெளியிட்டுப் பதிலடி கொடுக்கிறது. அதில் துப்பாக்கிச் சாவுகள், இனப் பாகுபாடு, தேர்தலில் பணம் என்று வரும் விவரங்கள் பெரும்பாலும் அமெரிக்கப் பத்திரிகைகளிலிருந்தே எடுத்தவை. சீனச் சிறைகளைப் பற்றி எழுத அமெரிக்கர்களால் சீனப் பத்திரிகைகளை அப்படி நம்பி எடுக்க முடியாது.

ஹாங்காங்கில் நடந்தது என்ன?

சுருக்கமாக: ஒன்றரை நூற்றாண்டு ஆண்ட பிரிட்டன், சட்டமன்றத்துக்கு முதல் நேரடித் தேர்தலை நடத்தியது 1991இல், கிளம்புவதற்கு ஆறே ஆண்டு முன்பு. அதுவும் 60இல் 18 இடங்களுக்கு. ஜனநாயகம் பற்றி லண்டன் வகுப்பெடுத்தால் பெய்ஜிங் சிரிப்பது இதனால். 2019 போராட்டங்களுக்குப் பிறகு, 2020இல் பெய்ஜிங் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு "தேசபக்தர்கள்" மட்டுமே போட்டியிடும்படி விதிகளை மாற்றி, நேரடித் தேர்தல் இடங்களை 90இல் 20 ஆக்கியது. 2019 மாவட்ட மன்றத் தேர்தலில் வாக்களித்தவர்கள் 71 சதவீதம். 2021 சட்டமன்றத் தேர்தலில் 30 சதவீதம்.

பிற நாட்டு விவகாரத்தில் தலையிடக் கூடாது என்ற சீனக் கொள்கை நல்லதுதானே?

காலனி ஆதிக்கத்தில் அடிபட்ட நாடுகளுக்கு அது இனிக்கும். 2003இல் அமெரிக்கா படையெடுத்த ஈராக்கைப் பார்த்தவர்களுக்கு இன்னும் இனிக்கும். தமிழர்கள் மட்டும் இதைக் கொஞ்சம் நிதானமாக மெல்ல வேண்டும்.

2009 மே 27 அன்று, முள்ளிவாய்க்கால் முடிந்து பத்து நாள்கூட ஆகாதபோது, ஐ.நா. மனித உரிமைப் பேரவையின் சிறப்பு அமர்வில் இலங்கை அரசுக்குச் சாதகமான தீர்மானம் 29-12 என்று நிறைவேறியது. ஒதுங்கியவர்கள் 6. இறையாண்மை, உள்நாட்டு விவகாரம் என்ற மொழியில்தான் அது எழுதப்பட்டிருந்தது. சீனா ஆதரித்தது. இந்தியாவும் ஆதரித்தது. பிறகு 2012இலிருந்து அமெரிக்காவும் பிரிட்டனும் கொண்டுவந்த தீர்மானங்கள் வாக்கெடுப்புக்கு வந்தபோது, சீனா தான் உறுப்பினராக இருந்தபோதெல்லாம் எதிர்த்து வாக்களித்தது. இந்தியா சில முறை ஆதரித்தது, சில முறை ஒதுங்கியது.

2022இல் சீனாவின் முறை வந்தது. ஷின்ஜியாங்கில் உய்குர் முஸ்லிம்கள் பெருமளவில் அடைத்துவைக்கப்பட்டது மானுடத்துக்கு எதிரான குற்றங்களாக அமையக்கூடும் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆணையர் மிஷெல் பாச்லெட்டின் பதவிக்காலம் முடியச் சில நிமிடங்கள் இருந்தபோது அது வெளியானது. அவை தொழிற்பயிற்சி மையங்கள், பயங்கரவாதத் தடுப்பு நடவடிக்கை என்பது சீனாவின் பதில். அக்டோபரில் அந்த அறிக்கையைப் பற்றி விவாதிக்கலாமா என்று பேரவையில் வாக்கெடுப்பு நடந்தது. கண்டனத் தீர்மானம்கூட இல்லை, விவாதிக்கலாமா என்று மட்டும். ஆதரவு 17, எதிர்ப்பு 19, ஒதுங்கியவர்கள் 11. இந்தியா அந்தப் பதினொன்றில் ஒன்று. எதிர்த்தவற்றில் பாகிஸ்தான், இந்தோனேசியா போன்ற முஸ்லிம் பெரும்பான்மை நாடுகளும் உண்டு.

இரு தரப்பும் உட்கார்ந்து பேசுவதே இல்லையா?

பேசுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 1995இலிருந்து சீனாவோடு மனித உரிமை உரையாடல் நடத்துகிறது, மூடிய அறைக்குள். அமெரிக்காவோ 1993இல் சீனாவுக்கு வர்த்தகச் சலுகை வேண்டுமானால் மனித உரிமையில் முன்னேற்றம் காட்ட வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. மறு ஆண்டே கிளின்டன் அந்த முடிச்சை அவிழ்த்துவிட்டார். அமெரிக்க நிறுவனங்களுக்குச் சீனச் சந்தை வேண்டியிருந்தது. மேற்கின் குரலைப் பெய்ஜிங் எவ்வளவு மதிக்கலாம் என்று அன்றைக்கே கணக்குப் போட்டுவிட்டது என்று நினைக்கிறேன்.

ஐ.நா.வில் எல்லா நாடுகளும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சக நாடுகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். சீனாவின் முறை கடைசியாக 2024 ஜனவரியில் வந்தது. பேசப் பெயர் கொடுத்த நாடுகள் 160க்கும் மேல். அதனால் ஒவ்வொரு நாட்டுக்கும் கிடைத்த நேரம் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. பலர் அதையும் வாழ்த்துச் சொல்லவே செலவழித்தார்கள்.